எருமைக்கன்றுக்கு வாசித்த மோகனம்

எங்கள் படத்தில் மீன் பாடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்று ஒரு பேர் இருப்பதால், அங்கிருந்து யார் எதைச் செய்தாலும் அதில் ஒரு மீன் வாயைத் திறந்து பாட வேண்டும் என்று கொழும்பில் ஏதோ சட்டம் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. விஜயதசமியன்று ஒளிபரப்ப அரை மணி நேரக் கார்ட்டூன் ஒன்று, பேச்சே இல்லாமல், முழுக்க முழுக்கக் கர்நாடக சங்கீதத்தில் வேண்டும் என்று ஒரு தொலைக்காட்சி எங்களிடம் கேட்டது. அவர்களுடைய நிகழ்ச்சி அதிகாரி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மீன் எத்தனை வரும்?" என்பதுதான்.

"மீன் இல்லை. எருமை ஒன்று வரும்," என்றேன்.

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு அவர் மெதுவாக, "சரஸ்வதி பூசைக்கு எருமையா, மிஸ்?" என்று கேட்டார். நான் மிஸ் இல்லை, இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்லிக் கதையை மாற்றினேன்.

நீங்கள் எல்லாரும் இப்போதுதான் இந்தத் தொழிலுக்குள் வந்திருக்கிறீர்கள். நான் ஓய்வுபெற்ற அன்று இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். கேக் நன்றாக இருந்ததால் வாயை வேறு வேலைக்குப் பயன்படுத்திவிட்டேன். இப்போது எழுதித் தரச் சொல்கிறீர்கள். கணினியில் எதை எப்படிச் செய்வது என்று நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அதில் நீங்கள் எனக்கு மூத்தவர்கள். சேமித்த கோப்பு எங்கே போனது என்று போன வருடம் உங்களில் ஒருத்தியிடம் கேட்டபோது அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. ஆகவே நான் எழுதுவது நான் விட்ட ஒரு பிழையைப் பற்றி. அதைவிடப் பெரிய பிழை ஒன்றையும் விட இருந்தேன். அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

கதை சின்னது. எருமைக் கூட்டம் ஒன்று வாவியை நீந்திக் கடந்து அக்கரை மேய்ச்சலுக்குப் போகிறது. ஒரு கன்று சேற்றில் விளையாடிக்கொண்டு பின்தங்கிவிடுகிறது. பிறகு தனியாக நீந்தத் தொடங்குகிறது. நடுவில் வந்ததும் திரும்பிப் பார்க்கிறது. விட்டு வந்த கரை தெரியவில்லை. போகிற கரையும் தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு கணம் நீந்துவதையே விட்டுவிடுகிறது. பிறகு எப்படியோ கரை சேர்கிறது. அவ்வளவுதான். இதற்கு மேல் கதை வைத்தால் சங்கீதத்துக்கு இடமிருக்காது.

கன்றைக் கீறியவர், அதாவது வரைந்தவர், றியாஸ். காத்தான்குடிக்காரர், முப்பது வயது தாண்டியவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். மிருகம் கீறுவதில் அவரைப்போல் ஒருவரை நான் பார்க்கவில்லை. எருமையைப் படிக்க வேண்டும் என்று குருமண்வெளித் துறையில் படகேறி மண்டூர்ப் பக்கம் போனார். மூன்று நாள் வயல் வட்டையோரத்தில் ஒரு மாட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். முதல் நாள் ஒரு தாய் எருமை துரத்தியதில் செருப்பு ஒன்று போய்விட்டது. மற்றச் செருப்பை ஏன் திருப்பிக் கொண்டுவந்தார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. ஆனால் ஒரு கண்டுபிடிப்போடு வந்தார்.

"அக்கா, எருமைட மூஞ்சில ஒண்டும் தெரியா. கந்தோரில முத்திரை குத்துற ஆள்ர மூஞ்சி மாதிரி. எல்லாம் காதிலதான். பயம், கோவம், பசி, எல்லாம் காது."

எங்கள் கன்றின் நடிப்பு முழுவதும் அதன் இரண்டு காதுகளில் இருக்கப் போகிறது என்று அன்றே முடிவாகிவிட்டது.

இனி வயலின். களுவாஞ்சிக்குடியில் கௌரி டீச்சர் என்று ஒருவர், பாடசாலையில் சங்கீதம் படிப்பித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய வாசிப்பை ஒரு கோயில் திருவிழாவில் கேட்டிருந்தேன். ஒலிபெருக்கி கரகரத்தது, பக்கத்தில் கச்சான் கடலை விற்றார்கள், அதற்குள்ளும் அந்த வயலின் என்னை எழும்ப விடவில்லை. வீட்டுக்குப் போய்க் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல கதை அக்கா. எருமைதான் வேணுமா? மான் எண்டாக் கூடாதா?"

"மான் நீந்தினாப் பார்க்க வடிவாத்தான் இருக்கும் டீச்சர். ஆனா எங்கட வாவியில மான் எங்க நீந்துது?"

"என்ட மோகனத்துக்கு எருமை," என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். அப்படித்தான் சம்மதித்தார்.

சம்மதித்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் ஒளிக்கவில்லை. ஒரு இசைக் கல்வி நிறுவனத்தில் விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தார். முன்பும் ஒருமுறை போனவர். அப்போது தேர்வுக்குழுவில் ஒருவர், வாசிப்பில் உணர்ச்சி இருக்கிறது, சுத்தம் போதாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஒரு சொல் டீச்சரை ஆறு வருடமாக உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. இந்த முறை நேர்முகத் தேர்வு விஜயதசமிக்கு அடுத்த கிழமை. படத்தை அந்தக் குழுவினர் கட்டாயம் பார்ப்பார்கள். அரை மணி நேரம் சுத்தமான மோகனம். அதைவிட நல்ல சிபாரிசுக் கடிதம் கிடைக்குமா?

எங்கள் கலையகம் அப்போது புளியந்தீவில் ஒரு இரும்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. உங்களுக்குத் தெரியாது, நீங்கள் குளிரூட்டிய கட்டடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். அங்கே ஒரு அறையின் சுவரெல்லாம் பழைய மெத்தைகளைக் கட்டி ஒலிப்பதிவு அறை என்று பெயர் வைத்திருந்தோம். ஒரு பின்னேரம் டீச்சர் அங்கே வந்து உட்கார்ந்து, "இது பழக்கத்துக்கு மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்கினார். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். நடு ஆலாபனை போய்க்கொண்டிருந்தபோது கீழே தெருவில் பாண் ஆட்டோ வந்தது.

எங்கள் ஊர்களில் பாணும் பணிஸும் விற்கிற பேக்கரி ஆட்டோ ஒரு மணிப்பாட்டைப் போட்டுக்கொண்டுதான் வரும். எந்தக் காலத்தில் எந்த வெள்ளைக்காரர் உருகி உருகி எழுதிய இசையோ, அது பாணுக்கென்றே எழுதப்பட்டது என்றுதான் எங்கள் பிள்ளைகள் நம்புகிறார்கள். மெத்தையைத் தாண்டி அந்தச் சத்தம் மெல்லியதாக உள்ளே வந்தது. டீச்சரின் விரல் ஒரு இடத்தில் வழுக்கியது. அவர் நிறுத்தாமல் வாசித்து முடித்தார்.

முடித்ததும், "நடுவில ஒரு இடத்தில விரல் போயிற்று அக்கா. இத அழிச்சிருங்க. மறுகா நான் ஒழுங்கா வாசிச்சுத் தாறன்," என்றார்.

"ஓம் ஓம், அழிப்பம்," என்றேன். மனம் முழுக்கக் கீழே போய்க்கொண்டிருந்த சீனிப் பணிஸில் இருந்தது. அழிக்கவில்லை.

அழிக்காதது மறதி. அடுத்ததாகச் செய்தது மடத்தனம். நேரம் போகிறதே என்று அந்தப் பதிவையே றியாசிடமும் மற்றவர்களிடமும் கொடுத்து, "இதுக்குக் கீறத் தொடங்குங்க. பிறகு நல்ல பதிவு வந்ததும் மாத்திப் போடலாம்" என்று சொல்லிவிட்டேன். எங்களைப் போன்றவர்களுக்கு இசை என்றால் விளம்பரப் பாட்டு. இன்றைக்குப் பாடினாலும் நாளைக்குப் பாடினாலும் ஒரே நீளம், ஒரே இடத்தில் ஒரே தட்டு. ஆலாபனை என்பது அந்த நேரத்தில் அந்த ஆளுக்குத் தோன்றுவது, மறுநாள் அது அப்படியே வராது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கோயில் கோயிலாகக் கேட்டு வளர்ந்தவள். ஆனால் வேலை செய்கிற மண்டைக்கு அது எட்டவில்லை. ஐந்து மாதம் கீறினோம். வயலினின் ஒவ்வொரு இழைவுக்கும் ஒரு கால், ஒரு வால், ஒரு காது.

விஜயதசமிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது டீச்சர் நல்ல பதிவுக்கு வந்தார். அற்புதமாக வாசித்தார். ஒரு தூசு இல்லை. நான் எழும்பிக் கைதட்டினேன். பிறகு அதைப் படத்துக்குக் கீழே வைத்துப் பார்த்தோம்.

கூட்டம் இன்னும் கரையில் நின்று மேய்ந்துகொண்டிருக்க, வயலின் வாவியில் இறங்கிவிட்டது. கன்று சேற்றில் புரண்டு விளையாடுகிறபோது இசை செத்த வீட்டுக்குப் போய்வந்தது. கன்று அக்கரையில் ஏறித் தாயிடம் பால் குடித்துக்கொண்டிருக்கிறது, வயலின் மட்டும் நடு வாவியில் தத்தளித்துக்கொண்டிருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு ஒருவருக்கும் சிரிக்க முடியவில்லை.

டீச்சர் குழம்பிப்போய், "ஏன் இப்படி இருக்கு? நீங்க எதுக்குக் கீறினீங்க?" என்று கேட்டார்.

அப்போதுதான் சொன்னேன். பழைய பதிவைப் போட்டுக் காட்டினேன். படத்தோடு சேர்த்து. ஓடத் தொடங்கியதும் அவர் முகம் மலர்ந்தது. நடு வாவிக் காட்சி வந்தது. கன்று திரும்பிப் பார்க்கிறது. அந்த இடத்தில் வயலின் ஒரு சுரத்தில் வழுக்கி இறங்குகிறது. கன்று நீந்துவதை விடுகிறது. இரண்டு காதுகளும் மெதுவாகத் தொங்குகின்றன. படம் முழுவதிலும் நாங்கள் ஒழுங்காகக் கீறியது எது என்று கேட்டால் அந்த நாலு செக்கன்தான். பார்த்தவர்கள் எல்லாம் அந்த இடத்தில் மூச்சை விட மறந்தார்கள்.

டீச்சர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இது மத்திமம்," என்றார். "மோகனத்தில மத்திமமே இல்ல. இத அழிக்கச் சொன்னனே அக்கா."

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். மோகனத்துக்கு ஐந்தே ஐந்து சுரம். மத்திமம் அதில் சேர்த்தி இல்லை. வாசிக்கப் பழகும் சின்னப் பிள்ளைக்கே முதல் வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள். அந்தச் சுரத்தைத்தான் நாங்கள் படத்தின் உயிர் என்று நினைத்து, அதைச் சுற்றி ஒரு வாவியையே கட்டி வைத்திருந்தோம்.

றியாஸ் எழும்பி நின்றார். பாவம், ஏதோ குற்றம் செய்தவரைப்போல் கையைப் பிசைந்தார். "டீச்சர், எனக்கு ராகமும் தெரியா, ஒண்டும் தெரியா. அந்த இடத்தில எனக்குப் பயமா இருந்திச்சு. உம்மாட கைய விட்டுட்டு கூட்டத்துக்குள்ள நிண்ட மாதிரி. அதான் காத அப்படிக் கீறினன்."

டீச்சர் அவரைப் பார்த்தார். "நல்லாக் கீறியிருக்கீங்க தம்பி," என்றார். "ஆனா நான் அத வாசிக்கல்ல. அது தவறி வந்தது."

அடுத்த நாலு நாளும் நாங்கள் செய்த கூத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு அதேபோல வாசியுங்கள், அந்தச் சுரத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று டீச்சரிடம் கேட்டேன். பாவம், முயன்றார். அரை மணி நேரத்தில் காதிலிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்து, "நேற்றுக் கதைச்சத இண்டைக்கும் அப்படியே கதைக்கிறதுக்கு நான் என்ன கிளியா?" என்று கேட்டார். பிறகு கணினியில் அந்த மத்திமத்தை இழுத்துக் காந்தாரத்தில் நிறுத்தினோம். சுரம் சரியாகிவிட்டது, காட்சி செத்துவிட்டது. இசையில் ஒன்றுமே நடக்கவில்லை, கன்றின் காது மட்டும் தொங்குகிறது. காரணமில்லாமல் காது தொங்கினால் அது பயமல்ல, கோமாரி நோய். புதிய பதிவுக்கு எல்லாவற்றையும் திரும்பக் கீறலாம் என்றால் இன்னும் ஐந்து மாதம் வேண்டும். இருந்தது எட்டு நாள்.

நிகழ்ச்சி அதிகாரி ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் அழைத்தார். கடைசியில் உள்ளதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "ஒரு சுரமா? யாருக்கு மிஸ் தெரியப்போகுது? போட்டுட்டுப் போங்க. அந்த டீச்சரும் டிவியில பார்த்துச் சந்தோசப்படுவாங்க."

இங்கேதான் கவனமாக வாசியுங்கள். பிழை விட்டது எப்போது என்று கேட்டால் எல்லாரும் பாண் ஆட்டோவைக் காட்டுவார்கள். இல்லை. அந்த அதிகாரி சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டதே, அப்போதுதான். ஐந்து மாத உழைப்பு, பதினொரு பேருடைய உழைப்பு, இது போகாவிட்டால் எங்களுக்கு இன்னொரு படம் யாரும் தர மாட்டார்கள் என்று எனக்கு நானே நல்ல நல்ல காரணங்களாகச் சொல்லிக்கொண்டேன். பழைய பதிவைப் படத்தோடு சேர்த்தேன். "வயலின்: கௌரி" என்று பெயரைப் போட்டேன். கொழும்புக்கு அனுப்பத் தொடங்கினேன். எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டும் பட்டை திரையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது.

றியாஸ் பின்னால் வந்து நின்றார். "டீச்சரிட்டக் கேட்டீங்களா அக்கா?"

"கேட்டன்," என்றேன்.

"அப்ப சரி," என்றுவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. தொழிலில் அதுவரை பொய் சொல்லாதவள் என்று சொல்லமாட்டேன். முடிந்துவிட்டது, நாளைக்கு அனுப்புகிறேன் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த 'கேட்டன்' என் வாயில் கசந்தது. அவர் நம்பியதுதான் காரணம். சண்டை பிடித்திருந்தால் நானும் சண்டை பிடித்துவிட்டு அனுப்பியிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அனுப்புவதை நிறுத்திவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, களுவாஞ்சிக்குடிப் பஸ்ஸில் ஏறினேன்.

டீச்சர் வீட்டு முன் அறையில் பத்துப் பிள்ளைகள் ஒரே சுரத்தைப் பத்து விதமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் டீச்சர் அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்.

"டீச்சர், நான் உங்களுக்குத் தெரியாம அத அனுப்பப் போனன்," என்றேன். "பாதி போயிற்று. நிப்பாட்டிட்டு வாறன்."

அவர் வயலினைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டியை மூடினார். பிறகு, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு வேற வழி தெரியல்ல," என்றேன். "பழைய பதிவு இல்லாட்டிப் படம் இல்ல. மத்திமம் இல்லாட்டி அந்த இடம் இல்ல."

"அப்ப என்ட பேர எடுத்துட்டுப் போடுங்க."

"பேர எடுத்தா உங்களுக்கு இதால என்ன பிரயோசனம்?"

"பேர வச்சா? சுத்தம் போதாது எண்டு சொன்னாரே, அவர் சொன்னது சரி எண்டு நானே நாடு முழுக்கச் சொல்லிக் காட்டினதா இருக்கும்."

அந்தப் பதவி அவருக்கு எவ்வளவு பெரியது என்று நான் அதுவரை சரியாக யோசித்திருக்கவில்லை. யோசித்தது என் எருமையைப் பற்றி. பிறகு என் வாயிலிருந்து அந்த யோசனை வந்தது. நல்ல யோசனைகள் எனக்கு எப்போதும் வேறு வழியில்லாதபோதுதான் வரும்.

"படத்தில ஒரு அறிவிப்பு அட்டை போடுவம் டீச்சர். எழுத்தில. பிழை என்ட எண்டு."

அங்கேயே பிள்ளைகளின் கொப்பி ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன். 'மோகன ராகத்தில் மத்திமம் இல்லை. இந்தப் படத்தில் ஓரிடத்தில் அது ஒலிக்கிறது. அதை நீக்குமாறு வயலின் கலைஞர் கேட்டார். இயக்குநர் மறுத்துவிட்டார்.' கீழே என் பெயரைப் போட்டேன், மனோகரி என்று, முழுப்பெயராக.

டீச்சர் மூன்று தரம் வாசித்தார். "இதில பொய் ஒண்டும் இல்ல," என்றார். ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார். பிறகு, "கடைசியில போடக்கூடாது. படம் முடிஞ்சா சனம் தேத்தண்ணி போட எழும்பிரும். முதல்ல போடுங்க," என்றார்.

அதிகாரி குதித்தார். படம் தொடங்க முன்னமே பிழை இருக்கிறது என்று சொல்லிப் படம் காட்டுகிற ஒரே நாடு இதுவாகத்தான் இருக்கும் என்றார். அட்டை இல்லாவிட்டால் எருமையும் இல்லை என்றேன். விஜயதசமிக்கு ஆறு நாள். அவரிடம் வேறு மீனும் இல்லை.

விஜயதசமியன்று படம் ஒளிபரப்பானது. அட்டையை வாசித்த ஒவ்வொரு சங்கீதக்காரரும் எங்கே அந்த மத்திமம் என்று பிடிப்பதற்காகவே கடைசிவரை அசையாமல் இருந்து பார்த்தார்கள். அடுத்த நாள் காலையிலிருந்து என் தொலைபேசி ஓயவில்லை. அறிவில்லாதவள் கையில் ராகத்தைக் கொடுத்தால் இப்படித்தான் என்று ஒருவர். அந்த அருமையான கலைஞரின் சொல்லைக் கேட்டிருக்கக் கூடாதா என்று இன்னொருவர். சந்தையில் மீன் வாங்கப் போன இடத்தில் ஒரு ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர் என்னை மறித்து, மத்திமத்தின் இலக்கணத்தைக் கால் மணி நேரம் விளக்கினார். பையில் இருந்த கணவாய் வாடிப்போனது. சின்னப் பிள்ளைகள் மட்டும் சுரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கன்று ஏன் தன் தாயைக் கூப்பிடவில்லை என்றுதான் கேட்டார்கள்.

எனக்கு உள்ளுக்குள் நல்ல சந்தோசம். உண்மையைச் சொல்கிறேன், பெருமை. எல்லா ஏச்சும் என் தலையில் விழுகிறது, டீச்சரின் தலை நனையவில்லை. கண்ணாடியில் பார்க்கும்போது கொஞ்சம் தியாகி மாதிரிக்கூடத் தெரிந்தேன்.

அடுத்த கிழமை நேர்முகத் தேர்வு. அன்று பின்னேரம் டீச்சர் நேரே எங்கள் மாடிக்கு வந்தார். பட்டுச் சேலை, கையில் வயலின் பெட்டி, படியேறிய மூச்சு. றியாஸ் கதிரை எடுத்துப் போட்டார். டீச்சர் உட்காரவில்லை.

"என்னகா டீச்சர் ஆச்சு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் வாசிச்சன். அதே ஆள்தான் குழுவில இருந்தார். படத்தப் பார்த்தாராம். 'அந்த மத்திமம் உங்கட இல்லத்தானே, அந்த இயக்குநர் செய்த வேல எண்டு அட்டையில பார்த்தம்' எண்டார். எல்லாரும் தலையாட்டினாங்க. நான் ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்."

"சொன்னீங்கதானே?"

"இல்ல. 'சேர், விரல் என்ட விரல். நான்தான் வாசிச்சன், தவறிப் போய் வாசிச்சன்' எண்டு சொன்னன்."

"உங்களுக்கு விசரா டீச்சர்? அதுக்குத்தானே அந்த அட்டையே போட்டம்! நான் தெருவெல்லாம் ஏச்சு வாங்குறது ஆருக்காக?"

"அதத்தான் சொல்ல வந்தன்," என்றார் டீச்சர். கோபமாகத்தான் சொன்னார், ஆனால் கண் கலங்கியிருந்தது. "அழிக்காதது உங்கட பிழை. அத நீங்க வச்சுக்கொள்ளுங்க. வாசிச்சது என்ட பிழை. அது தம்பிட கன்றுக்குட்டிட காதில போய் இருக்கு. நானும் வீட்டில இருந்து பார்த்தன். அந்த இடத்தில அழுதன். அழுதிட்டு, அது என்ட இல்ல எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல அக்கா. உங்கட பேர உங்கட எருமைக்கு வைங்க. என்ட பிழைக்கு என்ட பேர் போதும்."

றியாஸ் தன் திரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக எனக்குச் சொல்ல ஒரு கேலியும் வரவில்லை. அவருக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்து, அவருடைய ஒன்றை எடுத்து என் பெயரில் எழுதியிருக்கிறேன். நல்லெண்ணத்தோடு எடுத்தாலும் எடுத்தது எடுத்ததுதான். நீங்களும் ஒரு நாள் பொறுப்பான இடத்தில் இருப்பீர்கள். பிழையை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளுங்கள், அது நல்ல பழக்கம். ஆனால் அதை விட்டவரிடம் ஒரு வார்த்தை, அந்தப் பிழை உங்களுக்கே வேண்டுமா என்று கேளுங்கள்.

மார்கழியில் மறு ஒளிபரப்பு இருந்தது. அதற்காக அன்றே, டீச்சர் நிற்கும்போதே அட்டையைத் திறந்தோம். அவர் சொல்லச் சொல்ல றியாஸ் தட்டச்சு செய்தார். 'மோகன ராகத்தில் மத்திமம் இல்லை. இந்தப் படத்தில் ஓரிடத்தில் அது தவறி வந்தது. வாசித்தவர்: கௌரி. அழிக்க மறந்தவர்: மனோகரி. அதைக் காதால் கண்டவர்: றியாஸ்.' கடைசி வரி டீச்சருடைய யோசனை. றியாஸ் தன் பெயரைத் தட்டச்சு செய்ய மறுத்தார். டீச்சரே குனிந்து, ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார்.

அந்தப் பதவி அவருக்குக் கிடைத்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். கிடைத்தது. கடிதம் வரத் தை மாதம் ஆகிவிட்டது. அட்டையை மாற்றிய அன்று அது எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.